சாவிக்கு ஓட்டு கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் தகர டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். நம் குடியிருப்புச் சங்கத்துக்கு அன்று தேர்தல், அந்த டப்பாதான் ஓட்டுப்பெட்டி. மூடியைத் திறந்ததும் குப்பென்று பெருங்காய வாசனை. எத்தனையோ முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, மொட்டை மாடி வெயிலில் காய வைத்தாயிற்று, ஒரு தடவை சாம்பிராணிகூடக் காட்டியாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை. நீ கும்பகோணத்திலிருந்து வரவழைத்து அதில் அடுக்கி வைத்த அப்பளங்களுக்கு அவ்வளவு பிடிவாதம். டெல்லியில் இந்த மயூர் விஹார் முழுக்கத் தேடினாலும் ஓட்டுச் சீட்டில் ரச வாசனை அடிக்கிற சங்கம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும்.

வாசனை வந்ததும் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு. நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் கிளற வேண்டும். நீ பொறுமையாகக் கேட்கிற ஆள் இல்லை என்று தெரியும். இப்போது என்ன செய்வாய், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு செய்தி நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் நீயும் நானும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் ஆங்கிலத்தில் வந்து விழும். அதைத் தமிழாக்கிக் கொடுப்பது நம் பிழைப்பு. எனக்குக் கை வேகம். வாயும் வேகம். உனக்கு இரண்டுமே நிதானம். ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே மெட்ரோ பெட்டி. ஆனால் பக்கத்தை முடித்துத் தர வேண்டிய பொறுப்பு உனக்கு வந்ததால் என் தாளில் சிவப்பு மையை ஊற்றும் உரிமை உனக்கு இருந்தது. அதை நீ ஒருநாளும் வீணாக்கியதில்லை.

எங்கோ ஒரு நாட்டில் நாடாளுமன்றக் கூட்டத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் கொதித்துப் பேசியிருந்தார். நானும் கொதித்துப் போய்த் தலைப்பில் 'ஜனநாயகப் படுகொலை' என்று எழுதினேன். நீ தாளோடு எழுந்து வந்தாய்.

"யாருடி செத்தா?"

"என்னட்டி கேக்க?"

"படுகொலைன்னு போட்டிருக்கியே, பாடி எங்க? கோர்ட் திறந்திருக்கு. பேப்பர் வந்துண்டிருக்கு. தேர்தல் தேதி அப்படியே இருக்கு. இன்னிக்கே இதை எழுதிட்டா, நாளைக்கு நிஜமாவே கொன்னா எதை எழுதுவ?"

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்றேன். நீ சிரித்துக்கொண்டே 'கூட்டம் ஒத்திவைப்பு. எதிர்க்கட்சிகள் கண்டனம்' என்று மாற்றிவிட்டுப் போனாய். உப்புச் சப்பில்லாத தலைப்பு. ஆனால் நடந்தது அதுதான்.

உன்னைக் கோழை என்று அப்போதே முடிவு கட்டியிருப்பேன், அடுத்த மாதமே இன்னொரு செய்தி வராமல் இருந்திருந்தால். வேறொரு நாடு. வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் வந்து பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆங்கிலத்தில் வந்திருந்ததை அப்படியே 'தேர்தலில் முறைகேடுகள்' என்று போட்டுக் கொடுத்தேன். முந்தின மாதம் வாங்கிய திட்டு நினைவில் இருந்தது. நீ அந்தச் சொல்லைத் தாள் கிழிகிற மாதிரி அடித்தாய்.

"பெட்டியையே தூக்கிண்டு போயிட்டான். இதுக்குப் பேர் முறைகேடா? ரேஷன் கடையில எடை குறைஞ்சா முறைகேடு. இது திருட்டு. திருட்டுன்னு போடு."

அன்றைக்குத்தான் உன்னைப் புரிந்தது. பெரிய சொற்கள் மேல் உனக்குப் பகை ஒன்றும் இல்லை. வெள்ளிப் பாத்திரத்தைத் தினமும் துலக்கினால் தேய்ந்துவிடும் என்று உள்ளே வைத்திருப்பார்களே, அந்த மாதிரி அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாய். வேண்டிய நாளில் தயங்காமல் எடுத்தாய். எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்பாய். யார் செய்தது? எந்த விதியை மீறினார்கள்? அடுத்த தேர்தலில் ஜனங்களால் இதை மாற்ற முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் உன் முகம் மாறிவிடும். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டாய்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. எல்லாவற்றையும் சட்டப்படியே செய்து, ஒவ்வொரு அமைப்பாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் ஆட்சி. அதற்கு என்ன பெயர் வைப்பது? 'சர்வாதிகாரம்' என்றேன் நான், வழக்கம்போல. இன்னும் இல்லை என்றாய். 'பின்னடைவு' என்றேன். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இருக்கிறது என்றாய். யமுனைப் பாலத்தின் மேல் மெட்ரோ போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று என் தோளைத் தட்டி, "கரையான் பிடிச்ச கதவு வெளியில பார்த்தா கதவாத்தானேடி இருக்கும்?" என்றாய். மறுநாள் 'மெல்ல மெல்ல அரிக்கப்படும் ஜனநாயகம்' என்று எழுதினோம். அந்தப் பக்கம் அச்சாகி வந்த அன்று நீ எனக்குத் தெருவோர வண்டியில் ராம் லட்டு வாங்கிக் கொடுத்தாய். பெயர்தான் லட்டு, உண்மையில் பருப்பு வடை. முள்ளங்கித் துருவலை நிறையப் போடு பையா என்று அந்த வண்டிக்காரரை நீ படுத்திய பாடு இருக்கிறதே!

இப்படி ஊர் உலகத்துத் தேர்தலையெல்லாம் அளந்துகொண்டிருந்த நம் இருவருக்கும் நம் சங்கத்தில் தேர்தலே கிடையாது என்பது வெகுகாலம் உறைக்கவில்லை.

சபேசன் சார் செயலாளராக இருந்தார். மந்திரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து அவர்தான். மே மாதக் கடைசியில் பொதுக்கூட்டம் நடக்கும். கணக்கு வாசிப்பார். "எல்லாருக்கும் சம்மதம்தானே? அச்சா, அப்போ இதே கமிட்டி தொடரட்டும்" என்பார். எல்லோரும் கை தட்டுவோம். உடனே சமோசா வந்துவிடும். ஆளுக்கு இரண்டு சமோசா தின்றுவிட்டு யார் எழுந்து எதிர்த்துப் பேசுவார்கள்?

நீ ஒருத்திதான் கேட்டாய். "கை தட்டாதவாளை யாரு எண்ணினா?" கூட்டத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பின்பக்கக் கேட்டைச் சபேசன் சார் பூட்டினார். பாதுகாப்புக்காம். பின்னாலிருக்கும் ஜுக்கிக் குடிசைகளிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. என் வீட்டில் வேலை செய்யும் செல்வி விழுப்புரத்துப் பக்கத்துப் பெண். வெயிலில் கறுத்து வந்து நின்றாள். "இன்னாக்கா பண்றது, சுத்திக்கினு வர நேரத்துல ஒரு வூட்டு வேல போயிடுச்சி" என்றாள். ஒரு வீட்டு வேலை என்றால் ஒரு வீட்டுச் சம்பளம். அன்றைக்கே நான் செயலாளர் பதவிக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டேன். ஜெயித்தால் முதல் வேலை அந்தக் கேட்டைத் திறப்பது. என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு ஆசையோடு நான் விரும்பியதில்லை.

தேர்தலை நடத்த யாரை வைப்பது என்ற பேச்சு வந்தபோது இரண்டு பக்கமும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். "அவா கறார். ஆனா நியாயமா இருப்பா" என்றார் சபேசன் சார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நம்ம ஆளாயிற்றே! நீயோ அந்த நிமிஷத்திலிருந்து என்னிடம் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்ரோவில் நான் வாயைத் திறந்தால், "இந்த வருஷம் லூ அனல் காத்து ஜாஸ்தி இல்ல?" என்று ஜன்னலைப் பார்ப்பாய். வீட்டுக்குப் போய் அப்பள டப்பாவைக் காலி செய்து, உன் வீட்டுக்காரரை விட்டு மூடியில் உளியால் ஒரு பிளவு போட வைத்தாய்.

அந்த மே மாத ஞாயிறு. ஷாமியானாவுக்குக் கீழே மேஜை போட்டு, ஓரத்தில் புடவையைக் கட்டி மறைவு செய்திருந்தாய். முதல் ஆளாகச் சபேசன் சார் வந்தார், கையில் ஒரு கொத்துச் சாவியோடு. அவர் பின்னால் பொருளாளர் குப்தா ஜி, அவர் கையிலும் சாவி. நான் மட்டும் சும்மாவா வந்தேன்? என் கைப்பையிலும் கனமாக ஒரு கொத்து இருந்தது.

இது நம் குடியிருப்பின் பழக்கம். பள்ளிக்கூடம் மூடியதும் பாதி வீடு ஊருக்குக் கிளம்பிவிடும். போகும்போது நம்பிக்கையான வீட்டில் சாவியைக் கொடுப்பார்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கேஸ் வந்தால் வாங்கி வையுங்கள், அப்படியே மீட்டிங்கில் எங்களுக்கும் சேர்த்துக் கையைத் தூக்கிவிடுங்கள் என்பார்கள். கை தட்டித் தேர்ந்தெடுத்த காலத்தில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சாவியோடு ஓட்டும் கைக்கு வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோருமே, இரண்டு கட்சியும், மனதார நம்பியிருந்தோம்.

"ஒருத்தருக்கு ஒரு சீட்டு. வந்தவாளுக்கு மட்டும்" என்றாய் நீ.

குப்தா ஜி பொங்கினார். "அரே மேடம், சாபி ஹை தோ கர் ஹை, கர் ஹை தோ வோட் ஹை!" சாவி இருந்தால் வீடு, வீடு இருந்தால் ஓட்டு என்பது அவர் நியாயம். எனக்கு எதிர்க்கட்சிதான், ஆனாலும் அந்த விஷயத்தில் அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"எங்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டுப் போயிருக்காவட்டி. அவுக எல்லாம் எனக்குத்தான் போடுவாக" என்றேன்.

"இருக்கலாம். ஆனா அவா யாருக்குப் போடுவான்னு உனக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் அது எதுக்கு ஓட்டு? சாவி வீட்டுக்குத்தான்டி. சாவிக்கு ஓட்டு கிடையாது."

சங்கத்தின் விதிமுறையை எடுத்து வாசித்தாய். உறுப்பினர் நேரில் வந்து வாக்களிக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அதை அதுவரை யாரும் படித்ததில்லை. பிறகு ஒரு தாம்பாளத்தை நடுவில் வைத்து, எண்ணி முடிக்கிற வரைக்கும் எல்லாச் சாவியும் இதில் இருக்கட்டும் என்றாய். நவராத்திரிக்குத் தாம்பூலம் வைக்கிற தட்டில் குவியல் குவியலாகச் சாவி. என் கொத்தை அதில் போட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

தோற்றேன். கையளவு ஓட்டு வித்தியாசம். என் பையிலிருந்த சாவிகள் எண்ணப்பட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சபேசன் சாரின் கொத்து என்னுடையதைவிடப் பெரியது என்பது அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே. தோற்றவளுக்கு அடுத்தவன் சாவி கண்ணில் படாது. என் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து, விடக் கூடாது, நோட்டீஸ் அடிப்போம் என்றார்கள். நான் எழுதினேன். தலைப்பு என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் குடியிருப்பில் ஜனநாயகப் படுகொலை.

மத்தியானம் நீ வந்தாய். உன்னைக் கண்டதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கூலர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நோட்டீஸை எடுத்தாய். கொண்டையிலிருந்து பேனாவை உருவினாய். முதலில் ஒற்றுப் பிழைகளைத் திருத்தினாய். பாவி, அதைக்கூட விடவில்லை.

"யாரு செஞ்சது?"

"நீதாம்ட்டி. வேற யாரு?"

"எந்த விதியை மீறினேன்?"

நான் நோட்டீஸை உன் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன்.

"அடுத்த வருஷம் மாத்த முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்போ இதுக்கு வேற பேர் இருக்கு." தலைப்பை அடித்துவிட்டு மேலே ஒரே ஒரு சொல்லை எழுதினாய். தோல்வி. "நாம எத்தனை தேசத்துக் கதையை எழுதறோம். எல்லா ஊர்லயும் ஒருத்தன் இந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிக்கறதுலதானே ஆரம்பிக்கறது? நீயாவது சொல்லேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு செல்வியை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். நீ சமாதானம் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் காபி கலந்துகொண்டு வந்தாய். என் வீட்டில் டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்று குறை வேறு சொன்னாய்.

சாயங்காலம் சபேசன் சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார். "சார், நான் தோத்துட்டேன். நீங்கதான் செக்ரட்டரி" என்றேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்த களையே முகத்தில் இல்லை.

"இத்தனை வருஷமா எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்குன்னே நினைச்சுண்டிருந்தேன். பாதிப் பேருக்குப் பிடிக்கலைன்னு இன்னிக்குத்தான் தெரியறது" என்றார். பிறகு, "அந்தக் கேட்டைப் பகல்ல திறந்து வைக்கச் சொல்றேன். ராத்திரி மட்டும் பூட்டிக்கலாம். சரிதானே?" என்றார்.

படியிறங்கி உன் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். "கை தட்டினா காது கேக்காதுடி. எண்ணினாதான் கேக்கும்" என்றாய். அந்த வருஷமே விதியை மாற்றி, எல்லோரும் டெல்லியிலேயே இருக்கும் பிப்ரவரி மாதத்துக்குத் தேர்தலைக் கொண்டுவந்தோம். அடுத்த முறை நான் ஜெயித்தேன். சபேசன் சார் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, நான் சொன்ன அதே வார்த்தையை என்னிடம் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் இப்போது இல்லை. அங்கே பார்த்தால் விசாரித்தேன் என்று சொல்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி நின்றது. அந்த முதல் தேர்தலில் நீயும் ஒரு சீட்டை மடித்து டப்பாவில் போட்டாய். யாருக்கு? ஜாடையாகக் கேட்டேன், நேராகக் கேட்டேன், உன் பிறந்தநாளில் பால் பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னட்டி ரகசியம்? இப்பவாது சொல்லிரு" என்றேன். உனக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் அந்தக் குறும்பு கண்ணில் இருந்தது. "போடி. அது எனக்கும் டப்பாவுக்கும்" என்றாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கதைக்கு வருகிறேன். இந்த முறை என்னை எதிர்த்து நின்றது மூன்றாவது மாடிப் பெண். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. மொட்டை மாடியில் சூரியத் தகடு போட வேண்டும் என்கிறாள். நல்ல யோசனைதான். எண்ணி முடித்தபோது அவள் ஜெயித்திருந்தாள். உன் இடத்தில் உட்கார்ந்து சீட்டுகளை எண்ணியவர் உன் வீட்டுக்காரர்.

என் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குப்தா ஜி இப்போது என் கட்சி. "மேடம், தாந்த்லி ஹுயி ஹை! மோசடி, மோசடி!" என்று மேஜையைத் தட்டினார். ஓரிருவர் கைபேசியை எடுத்துக் குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. அவள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்தேன். முழங்கால் வலி, மெதுவாகத்தான் எழ முடிந்தது. "யார் செஞ்சது குப்தா ஜி? எந்த ரூல்?" என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. "நான் தோத்துட்டேன். இந்தப் பொண்ணுதான் செக்ரட்டரி. ஜல்தி சமோசாவக் கொண்டாங்க, ஆறிப் போகுது" என்றேன். யாரோ சிரித்தார்கள், கை தட்டினார்கள். தட்டட்டும். எண்ணின பிறகு தட்டினால் தப்பில்லை.

எனக்கு அழுகை வரவில்லை என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடல். மனது லேசாக இருந்தது. பெரிய சொற்கள் எல்லாம் உன்னிடம் வாங்கியவை, இன்னும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. செய்தி பார்க்கிற சில ராத்திரிகளில் எடுத்துத் துடைத்துப் பார்க்கிறேன், வேண்டியிருக்கும் நாள் வந்துவிட்டதா என்று. வந்தால் தயங்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்னச் சொல்லே போதுமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னுடன் நடந்து வந்தாள். "ஆன்ட்டி, இதுல ஏன் ஹீங் ஸ்மெல் வருது?" என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? நீங்க... உங்களுக்கேதானே போட்டுக்கிட்டீங்க?" என்றாள்.

"போடி" என்றேன். "அது எனக்கும் டப்பாவுக்கும்."

வீட்டுக்கு வந்து, பரணில் ஏற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து, முகத்தை நன்றாக உள்ளே வைத்து, அந்த முதல் தேர்தலைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பெருங்காயம் மூக்கில் ஏறியதுதான் மிச்சம். உன் டப்பாவும் சொல்லவில்லை.